இடப் பக்கத்துத் தேவதூதன்

நான் வரலாறு நடத்திய காலம் முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் புத்தகத்தில் மறுமலர்ச்சிக் காலம் என்று ஒரு பாடம் இருந்தது. அதில் இரண்டு மூன்று ஓவியங்கள், தபால்தலை அளவில், கறுப்பு வெள்ளையில். அச்சு மை அப்பி முகங்கள் கரிக்கட்டை மாதிரி இருக்கும். பிள்ளைகள் அவற்றுக்கு மீசை வரைந்து வைப்பார்கள். "இந்த ஓவியங்களில் மனித உடலின் அழகும் தூரத்தின் ஆழமும் முதன்முதலாகக் காட்டப்பட்டன" என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைத் திருப்பச் சொல்வேன். எந்த அழகு, எந்த ஆழம் என்று எனக்கே தெரியாது. ஓய்வு பெற்றதும் அதில் ஒன்றையாவது பெரிதாக, கலரில், என் வீட்டுச் சுவரில் மாட்டிப் பார்த்துவிட வேண்டும் என்று நினைத்திருந்தேன்.

என் கணவர் ஜீப் ஓட்டுபவர். சொந்த ஜீப். ஏற்காடு டவுனிலிருந்து நாகலூர், செம்மநத்தம் பக்கத்து ஜனங்களையும் அவர்களுடைய மூட்டைகளையும் ஏற்றிப்போய் இறக்குவார். சீசனில் டூரிஸ்டுகள். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் தினமும் அந்த ஜீப்பில்தான் பள்ளிக்கூடம் போய்வந்தேன் என்பதோடு எங்கள் கல்யாணக் கதையை நிறுத்திக்கொள்கிறேன். அன்று என்னை 'டீச்சர்' என்று கூப்பிட்டவர் இன்றுவரை அப்படித்தான் கூப்பிடுகிறார். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை.

சென்னையில் ஒரு பெண் இந்த மாதிரிப் பழைய ஓவியங்களை நல்ல முறையில் அச்சிட்டுத் தருகிறாள் என்று இணையத்தில் பார்த்து அவளுக்குப் போன் செய்தேன்.

"போஸ்டர் மாதிரி நெனச்சுக்காதீங்க மேடம். பருத்திக் கூழ்ல செஞ்ச கெட்டிக் காகிதம். மை நம்ம ஆயுசுக்கும் மங்காது. எங்க மாட்டப் போறீங்க?"

ஏற்காடு என்றதும் அவள் கொஞ்சம் யோசித்தாள். "அங்க ஈரம் அதிகமாச்சே. ஃபிரேமுக்கும் சுவருக்கும் நடுவுல காத்துப் போக இடம் விடச் சொல்லுங்க. இல்லேன்னா பூசணம் பிடிச்சிரும்."

அவளிடம் இருந்த படங்களை நானும் அவருமாகப் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தோம். தை மாதக் குளிரில் ஒரு நீள உருளையில் அது வந்து சேர்ந்தது. கையைத் துடைத்துக்கொண்டு கட்டிலில் விரித்தோம். ஒரு தோட்டம். வலப் பக்கம், வீட்டு வாசலில், ஓர் இளம்பெண் புத்தகத்தின் முன் உட்கார்ந்திருக்கிறாள். இடப் பக்கம், பூத்த புல்தரையில், தேவதூதன் மண்டியிட்டிருக்கிறான். அவள் கருவுறப்போகும் செய்தியைச் சொல்ல வந்தவன். இருவருக்கும் பின்னால் ஒரு மதில், மதிலுக்கு அப்பால் கறுத்த மரங்கள், மரங்களுக்கும் அப்பால் மூட்டத்தில் கரைந்துபோகும் மலை. அந்த மலையைப் பார்த்தபோதுதான் தூரத்தின் ஆழம் என்று நான் வருஷம் தவறாமல் ஒப்பித்தது என்னவென்று புரிந்தது.

அவர் கட்டிலைச் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். தூதனின் முதுகுப் பக்கம் குனிந்து, "றெக்கைய பாரு டீச்சர், பருந்து றெக்க. எறகு எறகா எழுதியிருக்கறான்," என்றார். பிறகு அந்தப் பெண்ணின் பக்கம் வந்தார். "இந்தப் புள்ள பயப்படலை. படிச்சுட்டு இருக்கறப்ப வந்து நிக்கறாங்களேன்னு கடுப்பாவுது."

நான் சிரித்தேன். கடைசியாக நாங்கள் இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்த நாள் அதுவாக இருக்கலாம்.

சேலத்தில் ஃபிரேம் போட்டு வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஹால் சுவரில் அதை மாட்டுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுத்தார். டேப் எடுத்துத் தரவா என்று கேட்டேன்.

"டேப்பு எதுக்கு? என் கண்ணுதான் டேப்பு."

அது வெறும் பேச்சில்லை. லாரிக்கும் பாறைக்கும் நடுவே நூலிழையில் ஜீப்பை நுழைத்து எடுப்பவர். சுவரை ஒரு பார்வை பார்த்து ஆணி அடித்தார். சமையலறையிலிருந்து நான் வந்து பார்த்தபோது படம் சுவரின் வலப் பக்கம் ஒதுங்கி, ஜன்னலை ஒட்டித் தொங்கியது.

"ஏனுங்க, நடுவுல இல்லீங்களே."

"நடுவுலதான் இருக்குது."

"இந்தப் பக்கம் இவ்ளோ எடம் சும்மா கெடக்குதுங்க."

"எந்தப் பக்கம்?"

நான் காட்டிய திசையில் பார்த்தார். முகத்தில் ஒரு குழப்பம் வந்து போயிற்று. படத்தைக் கழற்றிவிட்டு இன்னோர் ஆணி அடித்தார். அது முதல் ஆணிக்கும் வலப்புறம் போயிற்று. மூன்றாவதற்கு அவர் கையை ஓங்கியபோது நான் தடுத்துவிட்டேன். சுவர் பாழாவதில் எனக்குச் சம்மதமில்லை. அவருக்கும் கோபம் வந்துவிட்டது. ஒரு படம் இந்தப் பக்கம் இருந்தால் என்ன, அந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று அதை அப்படியே விட்டோம்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் சின்னச் சின்னவை. சாப்பிடும்போது தட்டின் ஒரு பக்கம் வைத்த கூட்டு அப்படியே இருக்கும். "இன்னைக்குக் கூட்டு வெக்கலையா?" என்பார். நான் தட்டைத் திருப்பி வைப்பேன். "அட, இருக்குதா," என்று சாப்பிடுவார். சவரம் செய்துவிட்டு வெளியே வருவார், ஒரு கன்னத்தில் முள் முள்ளாக வெள்ளைத் தாடி நிற்கும். சட்டையில் ஒரு கை மாட்டாமல் பின்னால் தொங்க, அப்படியே ஜீப்பை நோக்கிப் போவார். தலைவலி என்று தைலம் தேய்த்துக்கொள்வார். வயசாகிறது என்று நினைத்தேன். எனக்கும்தான் ஆகிறது. நானும் கண்ணாடியைத் தலையில் வைத்துக்கொண்டு வீடெல்லாம் தேடுகிறவள்தான்.

ஜீப்பின் இடப் பக்கக் கண்ணாடி ஒரு நாள் உடைந்து தொங்கியது. பஸ்காரன் உரசிவிட்டான் என்றார். மாற்றிய கொஞ்ச நாளில் அதுவும் உடைந்தது.

காப்பி பூத்து மலையெல்லாம் மணந்த சமயம், மளிகைக் கடைக்காரப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"ஏனுங்க டீச்சர், தப்பா நெனச்சுக்காதீங்க. அண்ணன் இப்பல்லாம் ஏதாச்சும் குடிக்கறாருங்களா?"

"இல்லையே. ஏன் கேக்கறே?"

"நேத்து எங்க கடை முன்னால வெச்சிருந்த தக்காளிக் கூடை மேல ஜீப்ப ஏத்திட்டாருங்க. நாங்க கத்தறோம், நிக்காமயே போயிட்டாரு. நொம்ப மரியாதையானவரு. அதுதான் மனசுக்குச் சங்கடமாப் போச்சுங்க."

வீட்டுக்கு வந்து கேட்டேன். "எந்தக் கூடை?" என்றார். அதிர்ந்துபோய்க் கேட்டார். அந்த முகத்தில் துளிப் பொய் இல்லை. அவர் மழுப்பியிருந்தால் சண்டை போட்டு முடித்திருப்பேன். மழுப்பாததுதான் என்னைப் பயமுறுத்தியது. மறுநாள் காலையிலேயே போய் அந்தப் பெண்ணிடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்தார்.

டவுனில் கண்ணாடிக் கடைக்குக் கூட்டிப்போனேன். சுவரில் மாட்டிய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தார். புதுக் கண்ணாடி கொடுத்தார்கள். பார்வை நன்றாகத்தான் இருக்கிறது என்றார்கள்.

ஒரு சாயங்காலம் மூட்டம் வீட்டு வாசல்வரை வந்து நின்றது. அவர் ஹாலில் காப்பி டம்ளருடன் படத்தின் முன்னால் உட்கார்ந்திருந்தார். வேலை முடிந்து வந்தால் அப்படி உட்காருவது அவருக்கு வழக்கமாகிவிட்டது. நான் பக்கத்தில் கொத்துமல்லி ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"இந்தப் புள்ள யாரப் பாத்துக் கையத் தூக்குது டீச்சர்?"

விளையாடுகிறார் என்று நினைத்தேன். "அங்க மண்டி போட்டு இருக்கறவரைத்தான்."

"எங்க?"

"தோட்டத்துல. உங்க பருந்து றெக்கைக்காரன்."

அவர் என் பக்கம் திரும்பி, ஏதோ சமாதானம் சொல்வதைப் போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அவனத்தான் வெட்டிப்புட்டாங்களே. ஃபிரேமுக்கு அகலம் பத்தலைன்னு சேலத்துக்காரன் அந்தப் பக்கத்த வெட்டிப்புட்டான். மாட்டுன அன்னைக்கே பாத்தேன். சொன்னா நீ வருத்தப்படுவேன்னு விட்டுட்டேன்."

கொத்துமல்லிக் கட்டு என் மடியிலேயே இருந்தது. அவருக்குப் பின்னால், சுவரில், தேவதூதன் முழுசாக மண்டியிட்டிருந்தான். றெக்கை, விரல், கையில் பிடித்த அல்லிப்பூ எல்லாம் இருந்தன. எழுந்துபோய்க் கையை வைத்துக் காட்டியிருக்கலாம். எனக்குத் துணிவு வரவில்லை. "சரி விடுங்க," என்று மட்டும் சொன்னேன்.

மறதி நோய் என்றுதான் முடிவு கட்டினேன். என் அம்மாவின் அக்கா ஒருவர் கடைசிக் காலத்தில் அப்படித்தான் இருந்தார். அதனால் அவருக்குத் தெரியாமல் அவரைச் சோதிக்க ஆரம்பித்தேன். பேச்சு வாக்கில் பழைய சேதிகளைக் கேட்பேன். எங்கள் கல்யாணத்துக்கு வந்த, எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டரின் மகன்கள் என்ன செய்கிறார்கள், நாகலூர் பஸ் எந்த வருஷம் நின்றுபோய் மறுபடி வந்தது, யார் தோட்டத்தில் மிளகு வாடியது. ஒன்றும் தப்பவில்லை. நான் மறந்ததையும் சேர்த்துச் சொன்னார். மறதியும் இல்லையென்றால் இது என்ன? சேலத்தில் டாக்டரைப் பார்க்கலாம் என்றேன். "சீசன் முடியட்டும்," என்றார். சேர்வராயன் கோயில் திருவிழா வேறு வந்துகொண்டிருந்தது. அவருக்கு வண்டி ஓயாத மாதம் அது.

இதற்கிடையில் அவராகவே சென்னைக்குப் போன் செய்து இன்னொரு படம் சொல்லியிருந்தார். என் படம் பாழாகிவிட்டதே என்று எனக்காக வாங்கினாராம். படம் வந்தபோது நான் வீட்டில் இல்லை. திரும்பி வந்து பார்த்தால் கட்டிலில் அதை விரித்து நான்கு மூலையிலும் டம்ளரை வைத்துவிட்டு, இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்.

"ஃபிரேம்காரனச் சொல்லிக் குத்தமில்ல டீச்சர். அந்தச் சென்னைப் பொண்ணே பாதியா வெட்டித்தான் அனுப்புது."

இருட்டத் தொடங்கும் ஒரு காடு. இடமிருந்தும் வலமிருந்தும் வேட்டைக்காரர்கள், குதிரைகள், நாய்கள் எல்லாம் நடுவில் இருக்கும் இருட்டை நோக்கி ஓடுகின்றன. நெடுக ஓடும் அகலமான படம். எதுவும் வெட்டுப்படவில்லை. நான் வாய் திறப்பதற்குள் அவர் போனில் போட்டோ எடுத்துச் சென்னைக்கு அனுப்பிவிட்டார். அன்றைக்கு அவரிடம் வாதாட வேண்டாம், மறுநாள் எப்படியாவது டாக்டரிடம் இழுத்துப்போக வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை நான் குளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஜீப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செம்மநத்தத்துக்கு ஆட்கள் இருக்கிறார்களாம். வெளியே பனிமூட்டம் மதில்வரை அடைத்துக்கொண்டு நின்றது. சென்னைப் பெண் போன் செய்தாள்.

"மேடம், சார் நேத்து அனுப்பின போட்டோ பத்திப் பேசணும். சாருக்குப் போன் போகலை." அவள் தயங்கினாள். "படம் முழுசாத்தான் இருக்கு மேடம். சாரே எடுத்த போட்டோவுல முழுசா இருக்கு. ஆனா இங்க வெட்டியிருக்கீங்கன்னு அதுல ஒரு சிவப்புக் கோடு போட்டிருக்கார். அதை நீங்க பாத்தீங்களா?"

அனுப்பச் சொன்னேன். பார்த்தேன். போட்டோவின் மேல் விரலால் இழுத்த சிவப்புக் கோடு. படத்தின் ஓரத்தில் இல்லை, நட்ட நடுவில். கோட்டுக்கு வலது பக்கம் உள்ளதெல்லாம் அவருக்கு இருந்தது. இடது பக்கம் ஓடிய குதிரைகளும் ஆட்களும் நாய்களும் அவருக்கு இல்லவே இல்லை.

சுவரில் ஆணி ஓட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் வலப் பக்கம். தட்டில் மிஞ்சும் கூட்டு இடப் பக்கம். தாடி நிற்கும் கன்னம், மாட்டாத சட்டைக் கை, உடைந்த கண்ணாடி, தக்காளிக் கூடை எல்லாமே இடப் பக்கம். செம்மநத்தம் போகும் ரோடு குறுகல். போகும்போது பள்ளம் இடப் பக்கம்தான்.

"மேடம், லைன்ல இருக்கீங்களா?" என்று அவள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

அவருக்குப் போன் போட்டேன். தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. கட்டியிருந்த புடவையோடு ரோட்டுக்கு ஓடி வந்து, அந்தப் பக்கம் போகும் பஸ்ஸைக் கைகாட்டி ஏறினேன். கண்டக்டர் என் பழைய மாணவன். உட்காரச் சொன்னான். உட்கார முடியவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு முன் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டே வந்தேன். விளக்கைப் போட்டும் வெள்ளையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. எதிரே ஏதாவது வண்டி வந்தால் டிரைவர் ஹாரன் அடித்து நிறுத்திவிட்டு வழிவிட்டார். ஒவ்வொரு ஹாரனுக்கும் எதிரே வருவது எங்கள் ஜீப்பா என்று எட்டிப் பார்த்தேன்.

செம்மநத்தம் ரோடு பிரியும் இடத்தில் இறங்கி நடந்தேன். இருபுறமும் காப்பித் தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களிலிருந்து நீர் சொட்டும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச தூரத்தில் பேச்சுக் குரல் கேட்டது. பாலத்துக் கட்டைச் சுவரில் பெண்கள் சிலர் மூட்டைகளோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கள் ஜீப்பில் வாரா வாரம் சந்தைக்குப் போய்வருகிறவர்கள்.

"டீச்சருங்களா? நீங்க எங்கீங்க இந்தப் பக்கம்?" என்று ஒருத்தி எழுந்தாள். "நாங்க எறங்கிக்கிட்டோமுங்க. அண்ணன் பள்ளத்து ஓரமாவே ஓட்டறாருங்க. கல்லு உருண்டு கீழ போவுது. பள்ளம் பள்ளம்னு கத்தறோம். எங்க பள்ளம்ங்கறாரு. உசுரு போயிட்டு வந்துச்சுங்க."

"அவர் எங்கே?"

"மூட்டையெல்லாம் எறக்கி வெச்சுட்டு, முன்னால போயி வண்டியத் திருப்பிட்டு வாரேன்னாரு. ஆளக் காணமுங்க இன்னும்."

அவர்கள் என்னோடு வர எழுந்தார்கள். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு ஓடினேன். வளைவு தாண்டியதும் முதலில் இன்ஜின் சத்தம் கேட்டது. உறுமி, அடங்கி, மறுபடி உறுமியது. பிறகு ஜீப்பின் பின்பக்கம் தெரிந்தது. வண்டி இடப் பக்கமாகச் சாய்ந்து நின்றது. முன்சக்கரம் ரோட்டை விட்டுக் கீழே இறங்கி அந்தரத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. சரிவில் நின்ற ஒரு சில்வர் ஓக் மரத்தில் பம்பர் முட்டிக்கொண்டிருந்தது. அவர் ஆக்சிலேட்டரை மிதிக்க மிதிக்க அந்த மரத்தின் அடியில் மண் பெயர்ந்து கீழே உதிர்ந்தது. அது போய் விழும் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

வகுப்பு மாடியில் கைப்பிடிச் சுவர்மேல் ஒரு பிள்ளை ஏறி நின்றால் எப்படிக் கூப்பிடுவேனோ அப்படிக் கூப்பிட்டேன். சத்தமே உயரவில்லை.

"ஏனுங்க."

வலப் பக்க ஜன்னலில் திரும்பினார். முகம் மலர்ந்தது. "டீச்சர்! நீ எப்படி வந்தே? பாரேன், வண்டி நகர மாட்டேங்குது. கிளச்சு போயிருச்சு போல."

"வண்டிய ஆஃப் பண்ணுங்க."

"ஒரு தம் குடுத்தா வந்துரும்."

"ஆஃப் பண்ணிட்டு எறங்கி வாங்க. ஒண்ணு காட்டணும்."

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சாவியைத் திருப்பினார். நிசப்தமாயிற்று. அவர் காலை வெளியே வைத்ததும் ஜீப் ஒரு தரம் முனகி இன்னும் கொஞ்சம் சாய்ந்தது. கையைப் பிடித்து இழுத்துவிட்டேன். இரண்டு பேரும் ரோட்டின் மலைப் பக்கத்தில் போய் இடித்துக்கொண்டு நின்றோம்.

அவரை வண்டிக்குப் பின்னால் கூட்டிப்போய், வந்த வழியைப் பார்த்தபடி நிற்கவைத்தேன். இப்போது பள்ளம் அவருடைய வலப் பக்கம். அவர் அதைப் பார்த்தார். அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எப்ப வந்துச்சு டீச்சர்?" என்று கேட்டார். "இந்தப் பள்ளம் எப்ப வந்துச்சு?"

அந்தக் குரலை இன்னும் என் காதிலிருந்து கழற்ற முடியவில்லை.

பாலத்தில் இருந்த பெண்கள் வந்தார்கள். தோட்டத்து ஆட்களைக் கூப்பிட்டு ஜீப்பைக் கயிறு கட்டி நிறுத்தினார்கள். ஒரு பெண் தன் மூட்டையைப் பிரித்து அவருக்கு ஆரஞ்சுப் பழம் உரித்துக் கொடுத்தாள். அவர் சுளையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். "உங்களையெல்லாம் ஏத்திக்கிட்டு வந்தேனே கண்ணு," என்றார்.

"அதுக்கென்னங்கண்ணா, நாங்கதான் எறங்கிட்டோம்ல," என்றாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, அவர் கேட்காத தூரத்துக்கு என்னைத் தள்ளிக்கொண்டு போய், "எங்க ஊட்டுப் புள்ளைகள இனிமே இந்த வண்டில ஏத்த மாட்டோமுங்க டீச்சர், மன்னிச்சுக்கோங்க," என்றும் சொன்னாள்.

அன்றைக்கே சேலத்துக்கு இறங்கினோம். நரம்பு டாக்டர் அவரை நேராகப் பார்க்கச் சொல்லி, தன் விரலை இடப் பக்கத்திலிருந்து மெல்லக் கொண்டுவந்தார். விரல் மூக்குக்கு நேரே வரும்வரை அவர் அதைப் பார்க்கவில்லை. எப்படிக் கவனித்தீர்கள் என்று டாக்டர் என்னிடம் கேட்டார். சிவப்புக் கோடு போட்ட போட்டோவைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். பக்கத்தில் இருந்த சின்ன டாக்டரிடம் போனை நீட்டி, "கண்ணுல கோளாறு இல்ல. வலப் பக்க மூளை இடப் பக்கத்தையே கணக்குல எடுத்துக்கல. அதனால இல்லைங்கறதும் அவருக்குத் தெரியல," என்றார்.

ஸ்கேனில் தெரிந்தது. மூளையைப் போர்த்தியிருக்கும் உறையிலிருந்து வளர்ந்த கட்டி, பெரிய எலுமிச்சை அளவு. பல வருஷமாக மெதுவாக வளர்ந்திருக்க வேண்டும் என்றார்கள். புற்று மாதிரித் தெரியவில்லை, ஆனால் எடுக்காமல் விட முடியாது என்றார்கள். மொட்டை அடித்துக்கொண்டு கட்டிலில் படுத்திருந்தபோது அவர் என் கையைத் தேடினார். நான் இடப் பக்கம் உட்கார்ந்திருந்தேன். தேடிய கை வலப் பக்கமே துழாவியது. எழுந்து அந்தப் பக்கம் போனேன்.

ஆபரேஷன் நீண்டது. வெளியே வந்த டாக்டர், பெரும்பகுதியை எடுத்துவிட்டதாகவும், பெரிய ரத்தக் குழாய் ஒன்றோடு ஒட்டியிருந்த சின்னத் துண்டைத் தொடவில்லை என்றும் சொன்னார். "அதைத் தொட்டா ஆள் மிஞ்ச மாட்டார்ம்மா. இருக்கட்டும். பாத்துக்கிட்டே இருப்போம்."

இடப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. முழுசாக வரவில்லை. தலையைத் திருப்பிப் பார்க்கச் சொல்லிப் பழக்கினார்கள். சொன்னால் திருப்புவார், மறந்தால் விட்டுவிடுவார். ஹாலில் படத்தைக் கழற்றி மாற்றும் தெம்பு எனக்கு இல்லை. அவருடைய நாற்காலியைச் சுவரின் இடது ஓரத்துக்கு நகர்த்திப் போட்டேன். அங்கிருந்து பார்த்தால் படம் முழுவதும் அவருக்கு வலப் பக்கமாக வரும். முதல் நாள் அங்கே உட்கார்ந்தவர் தூதனையே பார்த்தார். "இவன் இங்கயேதான் இருந்தானா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். பிறகு சேலத்துக்குப் போன் போட்டுத் தரச் சொல்லி, ஃபிரேம் கடைக்காரரிடம், உங்களை மனசுக்குள் திட்டிவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்றார். அந்த மனிதருக்கு ஒன்றும் புரியவில்லை.

வேட்டைப் படத்தை மாட்ட வேண்டாம் என்றுவிட்டார். "அதுல எல்லாரும் இருட்டுக்குள்ள ஓடறாங்க டீச்சர்," என்றார். உருளைக்குள் சுருட்டி, பூசணம் பிடிக்காமல் இருக்கச் சென்னைப் பெண் சொன்ன ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைப் போட்டு, பீரோ மேல் வைத்திருக்கிறேன். அவள் இப்போதும் அவ்வப்போது போன் செய்து சாரை விசாரிக்கிறாள்.

ஜீப்பை விற்றோம். வாங்கிக்கொண்டு போனவர் நாகலூர்க்காரர். அவர் வண்டியைக் கிளப்பியபோது என் கணவர் உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அந்த மழைக்காலம் முழுவதும் அவர் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பிறகு ஒரு நாள் செருப்பை மாட்டிக்கொண்டு, கடைவரை போய்வருகிறேன் என்றார். நானும் வருகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். அந்த 'வேண்டாமில்' இருந்ததைப் பார்த்து நான் வாசலிலேயே நின்றுவிட்டேன். இப்போது தினமும் போகிறார்.

போன மாதம் ஸ்கேனுக்குப் போயிருந்தோம். டாக்டர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, பென்சில் முனையால் அந்தத் துண்டின் விளிம்பைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். கொஞ்சம் வளர்ந்திருப்பதுபோல் இருக்கிறது, வளராமலும் இருக்கலாம், இந்த வருஷ மழை முடிந்ததும் மறுபடி பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். அவர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார். என் கணவர், "எங்கிட்டச் சொல்லுங்க சார், எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது," என்றார்.

நேற்று சாயங்காலம் சட்டைப் பொத்தான் போட்டுக்கொண்டே தைலம் எங்கே வைத்தாய் என்று கேட்டார். எதுக்கு என்றேன். "சும்மாதான். குளிருக்கு," என்றார். எடுத்துக் கொடுத்தேன். நெற்றியில் தேய்த்துக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். மூட்டம் ரோட்டில் இறங்கிக்கொண்டிருந்தது. அவருக்கு இடப் பக்கம், மேலே வளைவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்தபடி இறங்கி வந்தது. அவர் தலையைத் திருப்புகிறாரா என்று கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன்.